பெட்டியின் முன்பாரம்

இழுவைப் பெட்டி என்பது தானாக நகரும் ஆற்றல் அற்றது. அதற்கு இயந்திரமும் இல்லை. திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் உரிய சாதனங்களும் இல்லை. ஓர் அச்சு, சில்லுகள் எனப்படும் இரண்டு சக்கரங்கள், ஒரு பலகைத் தட்டு, முன்னே நீண்டிருக்கும் ஓர் இரும்புத் தண்டு ஆகியவையே அதன் உறுப்புகள். தண்டின் நுனியை உழவு இயந்திரத்தின் பின்புறக் கொளுக்கியில் மாட்டிவிட்டால், இயந்திரம் போகும் இடமெல்லாம் பெட்டியும் போகும். ஆகவே, பெட்டி தானாகப் பிழை செய்யாது என்றும், அது கவிழ்ந்தால் பிழை இழுத்தவனுடையதே என்றும் எண்ணுதல் இயல்பு. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், நாவலடிக்குளத்துக் கரைக்கட்டின்மேல் ஏறும்போது நெல்மூடைகளோடு ஒரு பெட்டி பின்னோக்கிச் சறுக்கிக் கவிழ்ந்தது. பரந்தனிலும் கிளிநொச்சியிலும் அதைக் கேள்வியுற்ற அனைவரும் அவ்வாறே எண்ணினர்.

அப்பெட்டியை வடிவமைத்த பொறியியலாளர் கதிர்காமநாதனும் அவ்வாறே எண்ணினார்.

அவர் கொழும்பில் பயின்று, இங்கிலாந்தில் பாரவண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் பணியாற்றியவர். குடியேற்றத் திட்டங்களால் வன்னியில் நெல் பெருகும், நெல் பெருகினால் அதைச் சுமக்கும் வண்டிகளும் பெருகவேண்டும் என்று கணித்து, பரந்தன் சந்திக்கு அண்மையில் இருந்த மயில்வாகனத்தின் பட்டறைக்குத் தாமாகவே வந்து சேர்ந்தார். மயில்வாகனம் முன்பு லொறிகள் வைத்திருந்தவர். எதையும் உரத்த குரலிலேயே சொல்வார். இருவரும் சேர்ந்து செய்த பெட்டிகள் இரண்டையும் நாவலடிக்குளம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் பரீட்சார்த்தமாகப் பெற்றிருந்தது. அவை நன்கு உழைத்தால் மேலும் பல பெட்டிகளை வாங்குவதாகச் சங்கம் கூறியிருந்தது. அவ்விரண்டில் ஒன்றே கவிழ்ந்தது.

விபத்து நடந்த மறுநாள், சங்கத் தலைவர் அப்புத்துரை பட்டறைக்கு நேரில் வந்தார்.

"பெட்டியில ஏதும் பிழையோ, அல்லது ஓடினவனில பிழையோ? எனக்கு ஒரு சொல்லுத்தான் வேணும்," என்றார்.

கதிர்காமநாதன் கவிழ்ந்த பெட்டியைக் காலையிலேயே பரிசோதித்திருந்தார். அச்சு வளையவில்லை. கொளுக்கி தேயவில்லை. தண்டின் ஒட்டுக்களில் வெடிப்பு இல்லை. தம்முடைய கணக்கையும் மீண்டும் ஒருமுறை செய்து பார்த்திருந்தார். அதிலும் பிழை இல்லை.

"பெட்டியில் பிழை இல்லை," என்றார்.

அந்த ஒரு சொல்லினால், சங்கத்தின் உழவு இயந்திரத்தை ஓட்டிவந்த சாரதி தவராசா அன்றே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அவரை நிரந்தரமாக விலக்குவதா இல்லையா என்பதையும், புதிய பெட்டிகளை வாங்குவதா இல்லையா என்பதையும் அறுவடை முடிந்தபின் கூடும் செயற்குழு தீர்மானிக்கும் என்று அப்புத்துரை அறிவித்தார்.

ஒருவர் தாம் அறிந்ததைச் சொல்லியபின் அமைதி அடைதல் வேண்டும். கதிர்காமநாதனுக்கு அமைதி கிட்டவில்லை. தவராசா கள் குடியாதவர் என்று அனைவரும் கூறினர். அவர் அக்கட்டில் அதற்கு முன் பலமுறை ஏறியவர். அன்று மழையும் இல்லை. நல்ல பெட்டி, நல்ல சாரதி, உலர்ந்த பாதை ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்து விபத்து ஏன் நிகழ்ந்தது என்ற வினா அவரை இருக்கவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. உணவு வேளையில் சோற்றுக் கோப்பையின் ஒரு புறத்தை விரலால் உயர்த்தி, குழம்பு எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி விமலேஸ்வரி சமையற் குசினியின் வாசலில் நின்று அதைக் கவனித்தார்.

"இஞ்சாருங்கோ, அது கோப்பை. பெட்டியில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் கவிழ்க்கிறியள்? ஒண்டில் அந்த மனிசனில பிழை, ஒண்டில் உங்கட பெட்டியில பிழை. நீங்கள்தான் மனிசனில எண்டு சொல்லிப்போட்டியளே. பேந்தேன் வீட்டுக்குள்ள இப்பிடி நடந்து திரியிறியள்?"

"நான் மனிசனில் பிழை எண்டு சொல்லேல்லை. பெட்டியில் இல்லை எண்டுதான் சொன்னனான்."

"அது ரெண்டும் வேற வேறயோ?" என்று விமலேஸ்வரி கேட்டார். கதிர்காமநாதன் கையை அலம்பிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் தமது துவிச்சக்கர வண்டியில் ஏறி, வீதியில் போகும் பெட்டிகளைப் பின்தொடரத் தொடங்கினார். உழவு இயந்திரம் மெதுவாகச் செல்லும் வாகனம் ஆதலால் அது இயலுவதாயிற்று. சில்லுகளின் சுழற்சியையும், தண்டின் நடுக்கத்தையும், பாரத்தின் அசைவையும் கவனித்தபடி புழுதிக்குள்ளேயே ஓட்டிச் செல்வார். பெட்டி நின்றால் அவரும் நிற்பார். சந்தியில் பழைய சில்லுகளும் இரும்பும் விற்கும் கடையை நடத்திய கச்சு முகம்மது இக்காட்சியைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார். பட்டறைக்கு வேண்டிய அச்சுகளை, இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் எடுத்த லொறிகளிலிருந்து கழற்றிக் கொடுத்தவரும் அவரே.

"எஞ்சினியர் ஐயா! பெட்டிக்குப் பின்னால இப்பிடித் துரத்துறியளே, அது என்ன, உங்களிட்டச் சொல்லாமப் போயிட்டுதோ?"

"அச்சைப் பார்க்கிறன், நானா," என்று கதிர்காமநாதன் அண்ணன் முறை வைத்து விடை கூறினார்.

"அச்சையோ? உது பர்மா வரைக்கும் போய் வந்த அச்சு. யப்பான்காரன் சுட்டும் வளையேல்லை. குளக்கட்டில வளையுமோ?"

"வளையேல்லை. அதுதான் யோசனை."

"வளையாட்டி ஏன் யோசனை? வளைஞ்சால்தானே ஐயா யோசிக்கவேணும்!" என்று கூறி, கச்சு முகம்மது தமது வாடிக்கையாளர்களை நோக்கிக் கண்ணைச் சிமிட்டினார்.

பின்தொடர்வதால் பயன் விளையாமையின் கதிர்காமநாதன் ஒரு பரிசோதனை நடத்தத் துணிந்தார். கவிழாத இரண்டாவது பெட்டியைச் சங்கத்திடம் இரவலாகப் பெற்றார். மூடைகளில் மணலை நிரப்பச் செய்து, எந்த மூடை எவ்விடத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தட்டின்மேல் சுண்ணக்கட்டியால் வரைந்து, பட்டறைத் தொழிலாளர்களைக் கொண்டு ஏற்றுவித்தார். மற்றொரு சாரதி அதை நாவலடிக்குளத்துக் கட்டுக்கு ஓட்டிச் சென்றார். தவராசா விழுந்த அதே ஏற்றம். அதே அளவு பாரம். உழவு இயந்திரம் சிறிதும் தயங்காமல் உச்சியை அடைந்து நின்றது.

மயில்வாகனம் கைகொட்டினார். "பாத்தியளே தம்பி! பெட்டி தங்கம். பிழை முழுக்க அவன்ரதான். இனி என்ன, செயற்குழு எங்கட பக்கம்."

கதிர்காமநாதன் மகிழ்ந்திருக்கவேண்டும். ஆனால் அவர் கட்டின் உச்சியில் நின்ற பெட்டியைச் சுற்றிச்சுற்றி நடந்தார். பரிசோதனை வெற்றி பெற்றால், பரிசோதிக்கப்பட்ட பொருள் நல்லது என்பதே முடிவு. ஆயினும், தவராசாவின் பாரம் மணல் அன்று; அதை ஏற்றியவர்கள் பட்டறைத் தொழிலாளர்களும் அல்லர். இவ்வேறுபாடு அவருக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதும், கட்டிலிருந்து இறங்கி நேராகத் தவராசாவின் வீட்டுக்குப் போனார்.

தவராசா குடியேற்றத் திட்டத்தில் முதன்முதலாகக் காணி பெற்றவர்களுள் ஒருவருடைய மகன். உழவு இயந்திரம் வரும்வரை மாட்டுவண்டி ஓட்டியவர். விழுந்தபோது சுளுக்கிய கணுக்காலில் எண்ணெய்த் துணி சுற்றி, முற்றத்து வேப்பமரத்தின் கீழ்க் கதிரையில் அமர்ந்திருந்தார். பொறியியலாளரைக் கண்டும் எழவில்லை.

"வாங்கோ ஐயா. பெட்டி சுகமோ?"

"சுகம்."

"அதுக்கு ஒரு குறையும் வராது. எனக்குத்தான் கால் வீங்கினது. பெட்டிக்கு வீங்கேல்லையாம் எண்டு ஊரே கதைக்குது."

கதிர்காமநாதன் துவிச்சக்கர வண்டியை வேப்பமரத்தில் சாய்த்தார். "தவராசா, அண்டைக்கு நீர் பாரம் ஏத்தினது எப்பிடி?" என்று கேட்டார்.

"எப்பிடியோ? எல்லாரும் ஏத்திற மாதிரித்தான். மூடையைத் தூக்கிப் பெட்டியில வைக்கிறது. வேற எப்பிடி ஏத்திறது, நீங்கள் இங்கிலாந்தில ஊதி ஏத்துவியளோ?"

"எந்த மூடை எங்கை வைச்சனீர்?"

"அதையெல்லாம் ஆர் பாத்தது? சரியா வைச்சது." தவராசாவின் குரல் மாறியது. "ஐயா, நான் என்ர வாயால கேக்கிறன். நான் நித்திரை கொண்டனான் எண்டு நினைக்கிறியளோ? குடிச்சனான் எண்டு நினைக்கிறியளோ? பின் சில்லு சுத்துது, சுத்துது, மண்ணைப் பிடிக்குதில்லை. மெசின் என்ர காலுக்குக் கீழ இலேசாப் போச்சுது. இலேசா! ஆரும் பின்னுக்கிருந்து தூக்கின மாதிரி. அதைச் சொன்னால் சிரிக்கினம்."

கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. இழுக்கும் இயந்திரம் இலேசாதல் என்பது அவருடைய கணக்கில் இடம்பெற முடியாத ஒன்று. அவர் அச்சைத் தட்டின் நட்டநடுவில் வையாமல் சற்றே பின்தள்ளி வைத்திருந்தார். அதன் காரணம், பாரத்தின் ஒரு பங்கு தண்டின் வழியாக உழவு இயந்திரத்தின்மேல் அழுந்தவேண்டும் என்பதே. அவ்வாறு அழுந்தினால்தான் அதன் பெரிய சில்லுகள் மண்ணை இறுகப் பற்றும்.

"நீர் ஏத்திறதை நான் பார்க்கவேணும். வாரும்," என்றார்.

"வேலையால நிப்பாட்டினவன் களத்துக்கு வந்தால் அப்புத்துரையர் நாயைப் பிடிச்சு விடுவார்."

"நான் கூட்டிக்கொண்டு போறன்."

இருவரும் ஒரே துவிச்சக்கர வண்டியில் சென்றனர். தவராசா பின்னால் அமர்ந்து, நொந்த காலை நீட்டியபடி வந்தார்.

அறுவடைக் காலத்தில் சங்கத்தின் உழவு இயந்திரத்துக்கு ஓய்வு இராது. களத்தில் பரப்பிய கதிர்களின்மேல் அது சுற்றிச்சுற்றி ஓடிச் சூடு அடித்து நெல்லை உதிர்த்துக்கொண்டிருக்கும். ஆதலால் பெட்டியை அதிலிருந்து கழற்றி, தண்டின் கீழ் ஒரு கவர்த்தடியை முட்டுக் கொடுத்து, களத்தின் ஓரத்தில் நிறுத்திப் பாரம் ஏற்றுவது வழக்கம். இதுவரை கதிர்காமநாதன் பெட்டிகளை வீதியிலேயே பார்த்திருந்தார். அவை ஏற்றப்படும் இடத்தில் பார்த்ததில்லை.

மூடை சுமப்போரை அப்பகுதியில் நாட்டாமைமார் என்பர். அவர்களுக்குத் தலைவராய் இருந்தவர் ஏரம்பு என்னும் நெடிய மனிதர். தவராசாவைக் கண்டதும் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடாப்பா, வந்திட்டான் விமானி! இந்த முறை பெட்டியை எங்கை இறக்கப்போறாய், குளத்திலயோ வானத்திலயோ?" என்று வரவேற்றார்.

"ஏத்து, ஏத்து. வாயால ஏத்தாதை," என்றார் தவராசா.

மூடைகள் ஏறின. முன்னிருந்து பின்னாக, ஒழுங்காகவே ஏறின. கதிர்காமநாதன் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்தாலும் அதைவிடச் சிறப்பாக ஏற்றியிருக்க முடியாது. அவருடைய நம்பிக்கை தளர்ந்தது. அப்போது தவராசா நொண்டியபடி பெட்டியின் முன்புறம் சென்று, கவர்த்தடியில் கிடந்த தண்டின் நுனியைக் கையால் பிடித்து உயர்த்த முயன்றார். நரம்புகள் புடைத்தன. தண்டு அசையவில்லை.

"முன்பாரம்!" என்று கூவினார்.

"முன்பாரமடா, பின்னுக்குப் போடு!" என்று ஏரம்பு மேலே நின்றவர்களுக்குக் கட்டளையிட்டார்.

முன்வரிசையிலிருந்து மூடைகள் தூக்கப்பட்டுப் பின்னே அடுக்கப்பட்டன. தவராசா மீண்டும் தண்டைத் தூக்கிப் பார்த்தார். மீண்டும், "முன்பாரம்!" மேலும் சில மூடைகள் பின்னே சென்றன. மூன்றாம் முறை தண்டு எழுந்தது. அவர் ஒரு கையை எடுத்துவிட்டார். மற்றக் கையின் விரல்களில் தண்டு, தராசின் கோலைப்போல், மேலும் கீழும் மெல்ல ஆடி நின்றது.

"ஆ. இப்ப சரி. பூ மாதிரி நிக்குது," என்றார்.

கதிர்காமநாதன் முன்னே வந்து தமது கையைத் தண்டின் கீழ் வைத்தார். அத்தனை நெல்லும் தம்முடைய சுட்டுவிரலில் இருப்பதை உணர்ந்தார். சமதரையில் இவ்வாறு நடுநிலையாக நிற்கும் உயர்ந்த பாரம், ஏற்றத்தில் ஏறியதும் பின்னோக்கிச் சாயும். சாய்ந்ததும் தண்டு மேலெழும். மேலெழும் தண்டு கொளுக்கியையும், கொளுக்கி உழவு இயந்திரத்தின் பின்புறத்தையும் தூக்கும். தவராசா கூறியது முற்றிலும் உண்மை. அவரை யாரோ பின்னிருந்து தூக்கியிருந்தனர்.

"ஏன் பின்னுக்குப் போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

ஏரம்பு வியந்தார். "முன்பாரமெல்லோ, ஐயா?"

"முன்பாரம் எண்டால் என்ன?"

"கழுத்து நோகுமெல்லோ? முழுப் பாரத்தையும் கழுத்தில போட்டால் புண் வரும். பேந்து கிழமைக் கணக்கில படுத்திடும்."

"எந்தக் கழுத்து?"

களத்தில் இருந்தோர் அனைவரும் ஏககாலத்தில் திரும்பி உழவு இயந்திரத்தைப் பார்த்தனர். அது வைக்கோலின்மேல் புகை கக்கியபடி சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் ஒருவர் சிரித்தார். பின்பு ஏரம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய் தவராசா! மெசினுக்கும் மாட்டைப் போலக் கழுத்துப் புண் வருமெண்டு இவ்வளவு காலமும் பாத்துப் பாத்து ஏத்தியிருக்கிறமடா! உண்ணி பாத்தனியோ? குளிப்பாட்டினனியோ?"

தவராசா சிரிக்கவில்லை. தண்டை மெதுவாகக் கவர்த்தடியின்மேல் இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான்தான் கவிழ்த்தனான்," என்றார்.

அம்மனிதரை விடுவிக்கும் பொருட்டுக் கதிர்காமநாதன் தேடிச் சென்ற காரணம், அவரை மேலும் இறுகக் கட்டிவிட்டது.

மயில்வாகனத்துக்கு இச்செய்தி எட்டியதும் அவர் மேசையில் அறைந்தார். "போதும் தம்பி! இதை அப்பிடியே செயற்குழுவில சொல்லுங்கோ. பாரத்தைப் பிழையா ஏத்தினது அவன். எங்கட பெட்டி சுத்தம்."

"ஏத்தத் தெரியாமல் ஏத்தேல்லை. கவனமா ஏத்தினவை."

"கவனமாப் பிழை விட்டாலும் பிழைதானே?"

இவ்வினாவுக்குரிய விடையைக் கதிர்காமநாதன் வெளியே தேடினார். இரண்டாவது பெட்டியின் தட்டில் வெள்ளை மையால் ஒரு கோடு வரைந்தார். கோட்டுக்குப் பின்னே இவ்வளவு மூடைக்கு மேல் வைக்கலாகாது என்று நாட்டாமைமாருக்கு விளக்கினார். "ஓம் ஐயா, ஓம் ஐயா," என்றனர். மறுநாள் வீதியில் அதைப் பின்தொடர்ந்தபோது கோடு மூடைகளின் கீழ் மறைந்திருந்தது. பின்பு அச்சையே கழற்றி, மேலும் பின்தள்ளிப் பொருத்தினார். இவ்வாறாயின் எவ்வளவு மாற்றி அடுக்கினும் தண்டு எழாது என்பது அவருடைய கணிப்பு. நாட்டாமைமார் பின்பலகையைத் திறந்து, அதன்மேல் கொம்புகளை நீட்டிக் கட்டி, பெட்டிக்கு வெளியே மூடைகளை அடுக்கித் தண்டை எழச் செய்தனர்.

"மெசினுக்குக் கழுத்தில்லை எண்டு சிரிச்சனீங்கள்தானே, ஏரம்பு?" என்று கதிர்காமநாதன் சலிப்போடு கேட்டார்.

"சிரிச்சனாங்கள்தான். எண்டாலும் ஐயா, அந்தத் தண்டு அப்பிடிக் கனத்துப்போய்க் கிடக்கேக்க பாரத்தை அனுப்ப மனம் கேக்குதில்லை. கை தன்ரபாட்டில பின்னுக்குப் போடுது."

ஏரம்பு நகைச்சுவையாக இதைக் கூறவில்லை. கதிர்காமநாதன் அங்கிருந்து பரந்தன்வரை துவிச்சக்கர வண்டியை ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். இங்கிலாந்தில் அவர் வரைந்த வண்டிகளில் ஏற்றப்பட்டவை பெட்டகங்கள். ஏற்றியவர்கள் மாட்டை அறியாதவர்கள். இங்கே மாட்டின் கழுத்துக்காக நெடுங்காலம் பழகிய கைகளிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, அக்கைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறவன் வெள்ளத்தைக் குறை கூறலாமா? கூறலாகாது என்று தமக்குத் தாமே விடை சொல்லிக்கொண்டார். சொல்லியும் அவருடைய நடை நிதானப்படவில்லை.

செயற்குழு பங்குனி மாதத்தில் சங்கக் கட்டடத்தில் கூடியது. தலைவர் அப்புத்துரை நடுக் கதிரையில் இருந்தார். மயில்வாகனம் புதுச் சால்வை அணிந்து வந்திருந்தார். தவராசா வாசற்படிக்கு வெளியே நின்றார்; உள்ளே அழைத்தும் வரவில்லை.

"எஞ்சினியர் தம்பி, முதலே சொன்னனீர். இப்பவும் அதேதானே?" என்றார் அப்புத்துரை.

கதிர்காமநாதன் எழுந்தார். "இல்லை. பெட்டியில் பிழை இருக்கிறது."

மயில்வாகனத்தின் சால்வை தோளிலிருந்து நழுவியது.

"என்ன பிழை?"

"இந்த ஊரில் பாரம் ஏற்றும் முறைக்கு அது பொருத்தமாக அமைக்கப்படவில்லை. தண்டு எழும்பும்வரை பாரத்தைப் பின்னுக்குப் போடுவார்கள். போட்டால் அது ஏற்றத்தில் சறுக்கும். அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் அறிந்திருக்கவேண்டும். சாரதி தம் கடமையைச் செய்தார்."

"அப்ப ஏத்தினவையில பிழையில்லையோ?" என்று உறுப்பினர் ஒருவர் வினவினார்.

"நீங்கள் ஏற்றினாலும் அப்படித்தான் ஏற்றுவீர்கள். வெளியே நான் முறைப்படி ஏற்றுவித்த பெட்டி நிற்கிறது. போய்த் தண்டைத் தூக்கிப் பாருங்கள்."

சிலர் சிரித்தனர். ஒருவர் உண்மையாகவே வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முன்பாரம்தான்," என்றார். அதனால் சிரிப்பு மேலும் கூடியது.

அப்புத்துரை மேசையைத் தட்டினார். "சரி. பெட்டி பிழையெண்டு செய்தவரே சொல்லுறார். தவராசா நாளைக்கு வேலைக்கு வரலாம். பெட்டியளைக் கொழும்பில எடுப்பம்."

"கொழும்புப் பெட்டியும் இதே அமைப்புத்தான்," என்று கதிர்காமநாதன் அவசரமாகக் கூறினார். "அதுவும் சறுக்கும். எனக்குக் கொஞ்சக் காலம் தாருங்கள், நான் வேறொன்று செய்து தருகிறேன்."

"உம்முடைய பெட்டிக்கு வந்த வருத்தம் கொழும்புப் பெட்டிக்கு வராது தம்பி. இரும்," என்று அப்புத்துரை அவரை உட்காரச் சொன்னார்.

வெளியே மயில்வாகனம், தம்மிடம் எஞ்சியிருந்த லொறியில் ஏறி அமர்ந்து, "கவனமாப் பிழை விடுறது எப்பிடியெண்டு இண்டைக்குத்தான் பாத்தனான்," என்றார். தவராசா அருகில் வந்து, கதிர்காமநாதனுடைய துவிச்சக்கர வண்டியின் சில்லில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொழும்புப் பெட்டிகள் சிறுபோக அறுவடைக்கு வந்து சேர்ந்தன. சிவப்பு நிறம் பூசப்பட்டவை. கண்ணுக்கு மிக அழகானவை. கதிர்காமநாதன் பட்டறையில் மூன்றாவது பெட்டியொன்றின் வேலையில் ஈடுபட்டிருந்தார். நீண்ட தண்டும், மிகப் பின்தள்ளிய அச்சும், திறக்க முடியாத உயர்ந்த பின்பலகையும் கொண்ட அதனை வாங்குவதற்கு எவரும் இலர். மயில்வாகனம் இரும்பை மாத்திரம் தடுக்காமல் கொடுத்துவந்தார். ஒரு முற்பகலில் கச்சு முகம்மது பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, சிவப்புப் பெட்டி இண்டைக்கு நாவலடிக்குளக் கட்டால போகுதாம். தவராசாதான் ஓட்டம். துரத்தேல்லையோ?" என்றார்.

அவர் கேலியாகவே கேட்டார். ஆனால் பதில் கூறுவதற்கு எவரும் அங்கே நிற்கவில்லை.

கதிர்காமநாதன் குளக்கட்டை அடைந்தபோது, உழவு இயந்திரம் ஏற்றத்தின் அடியில் உறுமிக்கொண்டிருந்தது. சிவப்புப் பெட்டியின் பின்புறம் மூடைகள் உயர்ந்திருந்தன; முன்புறம் தாழ்ந்திருந்தது. கதிர் வெட்டி வீடு திரும்பும் பெண்கள் சிலர் பின்னே ஏறி, கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தனர். அவர் வண்டியை வீதியில் எறிந்துவிட்டு, இரு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னே போய் நின்றார்.

"நிப்பாட்டும்! தவராசா, நிப்பாட்டும்!"

தவராசா இயந்திரத்தை நிறுத்தினார். "நல்ல காலம் வந்தியள். இதில வந்ததும் அண்டைக்கு விழுந்தது ஞாபகம் வந்திட்டுது."

"தெரிஞ்சுகொண்டு ஏன் இப்பிடி ஏத்தினீர்? இது மாடில்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும் ஐயா. என்ர கைக்குத் தெரியேல்லையே."

கதிர்காமநாதன் பெட்டியின் கீழே குனிந்து, அச்சைப் பிணைத்திருந்த ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார். அவை கழற்றத் தக்கவையே. "ஒரு நாள் தந்தால் இதைப் பின்னுக்குத் தள்ளிப்போடலாம்," என்றார்.

"ஐயோ, தொடாதையுங்கோ! சங்கத்தின்ர புதுப் பெட்டி. ஒரு ஆணிச் சுரை கழண்டாலும் அப்புத்துரையர் என்னைத்தான் கழட்டுவார். உங்களாலதான் வேலை திரும்பிக் கிடைச்சது. உங்களாலயே போகவேண்டாம்."

கதிர்காமநாதன் கையை எடுத்துக்கொண்டார். பின்பு எழுந்து பெண்களைப் பார்த்து, "அம்மா, இறங்குங்கோ. எல்லாரும் முன்னுக்கு வந்து ஏறுங்கோ," என்றார்.

"முன்னுக்குப் புகையெல்லோ அடிக்கும்?" என்றாள் அவர்களுள் அன்னபாக்கியம் என்பவள். "பெரிய படிப்புப் படிச்ச ஆள் எங்களைக் கருவாடு போடப் பாக்கிறார்."

"புகையடிச்சால் முகம் கழுவலாம். ஏறுங்கோ!"

அவர்கள் முணுமுணுத்தபடி முன்னே ஏறினர். அவரும் ஏறி, முன்பலகையோடு ஒட்டி, அவர்களுக்கு நடுவே அமர்ந்தார். உழவு இயந்திரம் உறுமி ஏறத் தொடங்கியது. பாதி ஏற்றத்தில் பெரிய சில்லுகள் ஒருமுறை வழுக்கின. அவர் தம் முழு உடலையும் முன்னே வளைத்து, பக்கத்திலிருந்தவர்களின் தோள்களையும் பிடித்து வளைத்தார். அன்னபாக்கியம் கூச்சலிட்டாள். சில்லுகள் மண்ணைப் பற்றின. குளத்து நீர் கண்ணுக்குப் புலப்பட்டது.

உச்சியில் தவராசா திரும்பிப் பார்த்து, பல்லைக் காட்டினார். "ஏறியிட்டுது! களத்தில இன்னும் நடை கிடக்கு, ஐயா. அடுத்ததுக்கும் வருவியளோ?"

"வருவன். இனி நீங்கள் ஏத்தத் துவங்க முதலே வருவன்."

பரந்தன் களஞ்சியத்தில் மூடைகளை இறக்கிவிட்டுப் பெட்டி திரும்பி வந்தபோது, அவர் களத்தில் காத்திருந்தார். உழவு இயந்திரம் சூடு அடிக்கப் போயிற்று. பெட்டியின் தண்டுக்குக் கவர்த்தடி முட்டுக் கொடுக்கப்பட்டது. முதல் மூடை ஏறுமுன்பே கதிர்காமநாதன் தட்டில் ஏறி, முன்பலகையில் முதுகை அழுத்தி, கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டார். இனி எவர் எங்கே வைத்தாலும், தம் உடலின் நிறை இந்த இடத்தை விட்டு அகலாது என்று தீர்மானித்தார். வெயில் தலையில் இறங்கியது. மூடைகள் அவரைச் சுற்றி ஏறின. இறுதி மூடையும் ஏறியபின், ஏரம்பு முன்னே வந்து, தண்டைக் கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மீண்டும் தூக்கிப் பார்த்தார். பின்பு மேலே நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கூறினார்:

"ஐயா, குறை நினையாதையுங்கோ. கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருங்கோவன்."